துன்பத்தின் சார்புகள்

பௌத்தம் என்றதும் பள்ளிப் பாடநூலில் படித்த ஒற்றை வரிதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகிறது: ஆசையே துன்பத்துக்குக் காரணம். தேர்வில் மதிப்பெண் வாங்க அது போதும். அறுவடைக்கு நின்ற நெல்லை வெள்ளத்தில் இழந்த விவசாயியிடமோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமோ, சாதியின் பெயரால் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவரிடமோ அந்த வரியைச் சொன்னால், துன்பப்படுகிறவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். பௌத்தத்தின் மீது வெறுப்போ சலிப்போ கொண்ட பலர் உண்மையில் வெறுப்பது இந்தச் சுருக்கத்தைத்தான். துன்பம் ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை, பல சார்புகள் ஒன்றுகூடும்போது வருகிறது. ஆகவே அதைத் தணிக்கும் வேலையும் எந்தச் சார்பில் கைவைக்க முடிகிறதோ அங்கே தொடங்க வேண்டும். பாலிச் சூத்திரங்கள், மணிமேகலை, நாகார்ச்சுனர், அம்பேத்கர் என்று காலத்தாலும் நோக்கத்தாலும் வெகுதூரம் விலகி நிற்கும் சாட்சிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பௌத்தத்தின் முதுகெலும்பு இதுதான் என்று தெரிகிறது. ஆசை, வினை, மனம் என்று ஏதாவதொன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்த விளக்கங்கள் எல்லாம் இதைக் குறுக்கியதால் வந்தவை.

வாரணாசிக்கு அருகே இசிபதன மான்சோலையில் ஐந்து துறவிகளிடம் புத்தர் நிகழ்த்தியதாகச் சொல்லப்படும் முதல் பேருரையிலிருந்தே தொடங்கலாம். பிறப்பு, மூப்பு, சாவு, விரும்பாததோடு சேர்தல், விரும்பியதைப் பிரிதல், வேண்டியது கிடைக்காமை என்று துன்பத்தின் பட்டியல் அதில் நீள்கிறது. துன்பம், அதன் தோற்றம், அதன் ஒழிவு, ஒழிவுக்கான எண்வழி மார்க்கம் என்னும் நான்கு வாய்மைகளையும் நாம் மனப்பாடமாக அறிவோம். அந்த உரையின் பிற்பகுதியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு வாய்மையோடும் அங்கே ஒரு வேலை இணைக்கப்பட்டிருக்கிறது. துன்பத்தை முழுதாக அறிந்துகொள்ள வேண்டும். தோற்றத்தைக் கைவிட வேண்டும். ஒழிவை நேரில் காண வேண்டும். மார்க்கத்தை வளர்த்தெடுக்க வேண்டும். நம்பிக்கைக்குரிய கோட்பாடுகளாக முன்வைக்கப்பட்டவை இவை என்று கொண்டால் அந்தப் பகுதிக்கு அங்கே இடமே இல்லை. துன்பத்தின் எதிரில் முதல் வேலை அதை ஒழிப்பதன்று, அறிவது. எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது. காரணத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொண்டவருக்கு இந்த முதல் வேலையே தேவைப்படாது.

இங்கேயே ஒரு மறுப்பு எழுகிறது. வாழ்வு முழுவதையும் துன்பமென்று அறிவிப்பது அவநம்பிக்கை அல்லவா? குழந்தையின் சிரிப்பும் நல்ல சாப்பாடும் நண்பர்களின் கூட்டும் எங்கே போயின? பாலி நூல்கள் இன்பத்தை மறுக்கவில்லை. உலகில் சுவை இருப்பதால்தான் உயிர்கள் அதில் பற்றுக் கொள்கின்றன என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. துன்பத்தை அவை மூன்று தளங்களில் பார்க்கின்றன. பல்வலி, பசி, பிரிவு போன்ற நேரடித் துன்பம் ஒன்று. இன்பமான ஒன்று மாறும்போது வரும் துன்பம் இரண்டாவது. சார்புகளால் ஆன எதுவும் உறுதியாக ஊன்றி நிற்க இடம் தராது என்பதால் எல்லா அனுபவத்துக்கும் அடியில் ஓடும் நிலையாமை மூன்றாவது. 'வாழ்வே துன்பம்' என்ற கூற்றை இந்த மூன்றாவது பொருளில் மட்டுமே ஏற்க முடியும். அந்தப் பொருளில் அது புலம்பலாக இல்லை, கணிப்பாக இருக்கிறது. கணிப்பைச் சொன்ன கையோடு தீர்வு உண்டு என்றும் சொல்கிற மரபை அவநம்பிக்கை மரபு என்பது பொருந்தாது.

வினைக்கு வருவோம். இந்தியச் சமூகத்தில் துன்பத்துக்குத் தரப்படும் மிகப் பழைய, மிக வசதியான விளக்கம் 'முன்வினைப் பயன்' என்பதுதான். பௌத்தமும் அதைத்தான் சொல்கிறது என்று எண்ணுவோர் பாலிச் சூத்திரத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற நாடோடித் துறவியோடு நடந்த உரையாடலைப் படிக்க வேண்டும். ராஜகிருகத்தின் மூங்கில் தோப்பில் அவர் புத்தரிடம் வந்து, மனிதர் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் முழுக்க முன்வினையால் வந்தவையே என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். பதிலாக வருவது எட்டுக் காரணங்களின் பட்டியல். பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறரின் தாக்குதல், கடைசியாக வினையின் விளைவு. எட்டில் ஒன்று மட்டுமே வினை. எல்லாவற்றையும் வினை என்பவர்கள் தாங்களே அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அந்தச் சூத்திரம் கடுமையாகவே முடிக்கிறது. அங்குத்தர நிகாயத்தின் இன்னொரு சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லாம் முன்வினை, எல்லாம் கடவுளின் படைப்பு, எல்லாம் காரணமற்ற தற்செயல் என்னும் மூன்று கொள்கைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மூன்றும் மனிதரைச் செயலற்றவர்களாக்கும் என்று நிராகரிக்கிறது. நிராகரிப்புக்கான அளவுகோலைக் கவனிக்க வேண்டும்: ஒரு விளக்கம் 'இனி என்ன செய்யலாம்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் செய்துவிடுமானால் அது தவறான விளக்கம்.

இதற்கு எதிரான சான்றும் நிகாயங்களிலேயே உண்டு. அதை மறைத்து வாதாடுவது நேர்மையாகாது. மஜ்ஜிம நிகாயத்தின் 135ஆம் சூத்திரத்தில் சுபன் என்ற பிராமண இளைஞன், மனிதருக்குள் குறைந்த ஆயுளும் நோயும் வறுமையும் தாழ்ந்த குலமும் ஏன் என்று கேட்கும்போது, முற்பிறப்புச் செயல்கள்தாம் காரணம் என்ற பதிலே வருகிறது. பௌத்த நாடுகளில் உடற்குறையோடு பிறந்தவர்களையும் ஏழைகளையும் பழிக்கப் பலருக்கும் துணைபோனது இந்தப் பதில். ஆனால் அதற்கு அடுத்த 136ஆம் சூத்திரமே இதற்கு வேலி கட்டுகிறது. ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு கண்டவர்கள், தாங்கள் கண்ட ஒன்றிரண்டிலிருந்து பொதுவிதி வகுத்துவிடுவது பிழை என்கிறது. வினையின் விளைவைத் துருவி ஆராய்வது பித்துக்கும் வேதனைக்குமே வழி என்கிறது அங்குத்தரம். இவற்றை இணைத்துப் படித்தால் என் முடிவு இது: செயலுக்கு விளைவு உண்டு என்று முன்னோக்கிச் சொல்ல பௌத்தம் அனுமதிக்கிறது. ஒருவரின் துன்பத்தைக் காட்டி 'இவர் முன்பு ஏதோ பாவம் செய்தவர்' என்று பின்னோக்கித் தீர்ப்பு எழுத அனுமதிக்கவில்லை. நடைமுறைப் பௌத்தம் இந்தக் கோட்டை அடிக்கடி மீறியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

இனி ஆசை. முதல் பேருரை சுட்டும் வேட்கை மூன்று வகைப்பட்டது: புலனின்பத்துக்கான வேட்கை, ஏதோ ஒன்றாக ஆகவேண்டும், நிலைக்கவேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. தன்னை அழித்துக்கொள்ளத் தூண்டும் வெறுப்பும், வலி கண்ணில் படவே கூடாது என்ற தப்பித்தலும் அதில் அடங்கும். துன்பத்தின்மேல் கொள்ளும் அந்த வெறுப்பையும் துன்பத்தின் ஊற்றாகவே வைத்த கூர்மை வியப்பூட்டுகிறது. அதே சமயம் எல்லா விருப்பமும் வேட்கையாகிவிடாது. இது குறித்து ஓர் அருமையான உரையாடல் கோசாம்பியின் கோசித ஆராமத்தில் நடக்கிறது. உண்ணாபன் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரை மடக்கப் பார்க்கிறார்: விருப்பத்தை ஒழிக்கவே இந்தத் துறவு என்கிறீர்கள், அதையும் விருப்பத்தைக் கொண்டே செய்கிறீர்கள், விருப்பத்தால் விருப்பத்தை எப்படி ஒழிப்பது, இதற்கு முடிவே இராதே? ஆனந்தர் கேட்கிறார்: இந்த ஆராமத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உமக்கு முன்பு இருந்ததல்லவா, வந்து சேர்ந்தபின் அது என்னவாயிற்று? தணிந்துவிட்டது என்கிறார் அவர். சேருமிடம் சேர்ந்ததும் ஓயும் விருப்பம் ஒன்று. கிடைக்கக் கிடைக்கப் பெருகும் வேட்கை வேறொன்று. விளைச்சல் வீடுவந்து சேரவேண்டும் என்ற விவசாயியின் விருப்பம் முதல் வகை. பௌத்தத்தின் பெயரால் அதைக் குற்றமாக்க எந்தச் சூத்திரமும் இடம் தரவில்லை.

வேட்கை எங்கே பிறக்கிறது என்பதற்குப் பௌத்தம் தரும் விடை பன்னிரு நிதானங்களின் சங்கிலி. மணிமேகலை இவற்றைச் சார்புகள் என்கிறது. அறியாமையில் தொடங்கி மூப்பிலும் சாவிலும் முடியும் வரிசை இது. அதன் நடுவில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற நான்கு கண்ணிகள் வருகின்றன. நுகர்வு என்பது தொடுகையால் எழும் இனிய, இன்னாத, இரண்டுமற்ற உணர்வு. நுகர்வு நம் கையில் இல்லை. ஊசி குத்தினால் வலிக்கும். வேட்கையோ நுகர்வைச் சார்ந்து எழுவது, ஆனால் தவிர்க்கவே முடியாதது என்று சொல்லிவிட முடியாது. சல்லத்த சூத்திரம் இதை இரண்டு அம்புகளாகச் சொல்கிறது. பயிற்சி இல்லாதவர் உடல்வலி என்ற முதல் அம்பு பட்டதும் அழுது, நெஞ்சில் அறைந்துகொண்டு, மனவேதனை என்ற இரண்டாம் அம்பையும் வாங்கிக்கொள்கிறார். பயிற்சி உள்ளவருக்கும் முதல் அம்பு படத்தான் செய்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஞானம் வந்தால் வலிக்காது என்று அந்தச் சூத்திரம் வாக்களிக்கவில்லை. புத்தருக்கே காலில் கற்சில்லு பாய்ந்து கடும் வலி உண்டானதையும், முதுமையில் முதுகுவலியால் சாரிபுத்தரைப் பேசச் சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டதையும் நிகாயங்கள் தயங்காமல் பதிவு செய்கின்றன. மனப்பயிற்சியின் எல்லை இரண்டாம் அம்பு வரைதான். முதல் அம்பைத் தடுக்க வேறு வேலைகள் வேண்டும்.

அந்த வேறு வேலைகளைப் பௌத்த நூல்கள் மறந்துவிடவில்லை. தம்மபதத்தின் உரைநூல் ஆளவி என்ற ஊரின் ஏழை உழவன் ஒருவனைக் காட்டுகிறது. புத்தர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேட்டு அவன் புறப்படும் நேரத்தில் அவனுடைய மாடு காணாமல் போகிறது. அதைத் தேடிப் பிடித்துவிட்டுப் பசியும் களைப்புமாக வந்து சேர்கிறான். ஊரார் உணவளித்து முடித்தும் புத்தர் பேசத் தொடங்காமல் அவனுக்காகக் காத்திருக்கிறார். வந்ததும் மிச்சமிருந்த சோற்றை அவனுக்குக் கொடுக்கச் சொல்கிறார். அவன் உண்டு முடித்த பிறகே அறவுரை தொடங்குகிறது. பிக்குகள் முணுமுணுக்கிறார்கள், பசியோடு இருப்பவனுக்குத் துன்பம் பற்றிய போதனை காதில் ஏறாது என்று தெரிந்தே அப்படிச் செய்ததாக அவர் விளக்குகிறார். தீக நிகாயத்தில் இந்தப் பார்வை அரசியலாகவே விரிகிறது. சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் ஓர் அரசன் எல்லாக் கடமையும் செய்கிறான், ஏழைகளுக்குப் பொருள் கொடுப்பதைத் தவிர. அதிலிருந்து வறுமை, வறுமையிலிருந்து திருட்டு, திருடனின் தலையை வெட்டும் தண்டனை, தண்டனையைப் பார்த்து மக்களே ஆயுதம் ஏந்துவது, கொலை, பொய் என்று ஒன்றை ஒன்று சார்ந்து சமூகம் சரிகிறது. கூடதந்த சூத்திரத்திலோ பெரும் வேள்வி செய்ய விரும்பும் மன்னனிடம் அவனது புரோகிதர், கொள்ளையை ஒடுக்குமுறையால் ஒழிக்க முடியாது என்று சொல்லி, உழவருக்கு விதையும் தீவனமும், வணிகருக்கு முதலும், அரசுப் பணியாளருக்குக் கூலியும் கொடுக்கச் சொல்கிறார். பன்னிரு நிதானங்களில் இயங்கும் அதே தர்க்கம்தான் இங்கே மனதிலிருந்து நாட்டுக்குப் பெயர்ந்திருக்கிறது.

தமிழில் இந்தச் சிந்தனைக்கு மணிமேகலையை விடச் சிறந்த சான்று இல்லை. அதன் முப்பதாவது காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை மணிமேகலைக்கு உபதேசிக்கிறார். காப்பியத்தின் தத்துவ உச்சி அதுதான். ஆனால் அதை இயற்றிய சாத்தனார் அவளை அந்த இடத்துக்கு எந்த வழியாக அழைத்து வருகிறார் என்று பாருங்கள். முதலில் கையில் கிடைப்பது அமுதசுரபி. ஆபுத்திரனிடம் இருந்து, கோமுகிப் பொய்கையில் கிடந்து, அவளிடம் வந்த பாத்திரம் அது. ஆதிரையிடம் முதல் பிச்சை, யானைத்தீ நோயால் தீராப் பசியில் தவித்த காயசண்டிகைக்குச் சோறு, பிறகு புகாரின் ஆதரவற்றோருக்கு, பிறகு சிறையில் கிடந்தோருக்கு. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. கடைசியாக மழை பொய்த்துப் பஞ்சத்தில் வாடிய காஞ்சியில் எல்லோர் பசியையும் ஆற்றுகிறாள். அந்த நகரத்தில்தான் உபதேசம் நிகழ்கிறது. கதைக்காக வந்த தற்செயலாக இந்த வரிசையை என்னால் எண்ண முடியவில்லை. பசியைத் தணித்த கைதான் வேட்கையின் சார்புகளை அறியத் தகுதி பெறுகிறது. துன்பத்தின் முதல் தளத்தைத் தாண்டிக் குதித்து மூன்றாம் தளத்தைப் பற்றிப் பேசுவதற்கு சாத்தனாரின் பௌத்தத்தில் இடமில்லை.

அப்படியானால் அம்பேத்கர் ஏன் நான்கு வாய்மைகளையே சந்தேகித்தார்? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல லட்சம் பேரோடு பௌத்தம் தழுவிய அவர், மறைவுக்குப் பின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், துன்பம் பற்றிய இந்த வாய்மைகள் புத்தரின் மூல போதனைகள்தாமா என்று கேட்டார். பிறப்பும் சாவும் மறுபிறப்பும் துன்பம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கையே மிஞ்சாது, இவை பிக்குகள் பிற்காலத்தில் சேர்த்தவையோ என்பது அவர் ஐயம். பாடவரலாற்றின் நோக்கில் அந்த ஐயத்தை ஏற்பது கடினம். நான்கு வாய்மைகள் நிகாயங்கள் நெடுகிலும் பரவிக் கிடக்கின்றன. ஆனால் கேள்வி எழுந்த இடம் சரியானது. பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்திடம் 'உன் துன்பம் உன் வேட்கையால்' என்று சொல்லும் மதம், அவர்களைச் சுரண்டும் மதத்துக்கே இன்னொரு பெயர். அதனால்தான் அவர் சித்தார்த்தரின் துறவுக்குக் காரணமாக முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளை விலக்கிவிட்டு, சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்று நீரால் மூண்ட பூசலை முன்வைத்தார். மனிதர் மனிதருக்குச் செய்யும் தீங்கைத் துன்பத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார். மோலியசீவகனுக்குச் சொல்லப்பட்ட எட்டுக் காரணங்களில் 'பிறரின் தாக்குதல்' என்பதையும், தீக நிகாயத்தின் வறுமையையும் அவர் முதலிடத்தில் வைத்தார் என்று சொன்னால் பொருந்தும். மரபை அவர் முறிக்கவில்லை, மரபில் புழுதி படிந்து கிடந்த பக்கத்தைத் திறந்தார் என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் திறக்கும் முயற்சி சென்னையில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசர், 1907இல் தொடங்கிய வார இதழின் வழியாகச் சாதி இழிவின் வரலாற்றையும் புத்த அறத்தையும் ஒரே மூச்சில் பேசினார். அதே 1907இல் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூல், கடவுளும் ஆன்மாவும் அற்ற அறிவுநெறியாகப் பௌத்தத்தை விளக்கியது. 1948இல் வந்த அதன் மூன்றாம் பதிப்புக்கு அம்பேத்கரே முன்னுரை எழுதினார்.

துன்பம் எதைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வியை மகாயானம் வேறொரு திசையில் ஆழப்படுத்தியது. நாகார்ச்சுனரின் மூலமத்தியமக காரிகையின் 24ஆம் அத்தியாயத்தில் எதிராளி ஒருவன் குற்றம் சாட்டுகிறான்: எல்லாம் சூனியம் என்றால் துன்பமும் இல்லை, அதன் ஒழிவும் இல்லை, நான்கு வாய்மைகளும் கவிழ்ந்துவிட்டன. நாகார்ச்சுனர் குற்றச்சாட்டைத் திருப்பி விடுகிறார். துன்பத்துக்குத் தனக்கேயான இயல்பு இருந்தால்தான் ஆபத்து. தானாகவே நிற்கும் ஒன்றை எவராலும் அசைக்க முடியாது. சார்ந்து தோன்றியது மட்டுமே சார்பு நீங்கும்போது நீங்கும். சூனியம் என்ற கொள்கை இப்படித் துன்பம் தீரும் என்பதற்கான உறுதியாகிறது. தலைமுறை தலைமுறையாக வரும் வறுமையை 'இயல்பு' என்றும், சாதியைப் 'பிறவிக் குணம்' என்றும் சொல்லும் எந்த வாதமும் இந்தத் தர்க்கத்தின் முன் நிற்காது. எட்டாம் நூற்றாண்டுச் சாந்திதேவர் இதை அறத்துக்குக் கொண்டுபோனார். பிறர் துன்பம் எனக்கு வலிக்கவில்லையே, நான் ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நாளைய உன் துன்பமும் இன்று உனக்கு வலிக்கவில்லை, அதைத் தடுக்க ஏன் இன்றே ஓடுகிறாய் என்று கேட்டார். நிலையான 'நான்' இல்லையென்றால் துன்பத்துக்கு உரிமையாளரும் இல்லை; துன்பம் என்பதே அதைத் தடுக்கப் போதுமான காரணம். ஆன்மா இல்லை என்பவர்களுக்குக் கருணை எப்படி வரும் என்று கேட்போருக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை. உரிமையாளர் இல்லையென்றால் பொறுப்பாளரும் இல்லையே என்று மேலும் கேட்கலாம். வழக்கும் கணக்கும் வைத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு 'இவர்', 'அவர்' என்ற வழக்கியல் வாய்மையை மகாயானம் விட்டுவைத்திருக்கிறது.

நம் காலத்தில் பௌத்தத்தின் ஆறுதல் மருத்துவமனை வழியாகவும் வருகிறது. பர்மாவில் ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் லெடி சயாடோ (1846–1923) போன்றோர் இல்லறத்தாருக்கும் தியானத்தைக் கற்பித்தனர். அந்த வழியில் வந்த சத்ய நாராயண் கோயங்கா 1969இல் இந்தியா வந்து, 1976இல் இகத்புரியில் விபஸ்ஸனா மையத்தை நிறுவினார். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலியுள்ளோருக்கு எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சியைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வு கண்டவர்களுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அதோடு விழிப்புணர்வுப் பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டும் கண்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 2014இல் 47 ஆய்வுகளையும் 3,515 பங்கேற்பாளர்களையும் தொகுத்து ஆராய்ந்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டாம் அம்பு பற்றிய சூத்திரத்தைப் படித்தவருக்கு இந்த முடிவு ஏமாற்றம் தராது. ஆனால் இதே பயிற்சியை, ஓய்வு தராமல் வேலை வாங்கும் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வழங்கும்போது, அம்பு எய்பவரே கட்டும் போடுகிறார். வேலைநேரம் என்ற சார்பைத் தொடாமல் மூச்சைக் கவனிக்கச் சொல்வது, 'எல்லாம் முன்வினை' என்பதன் புதுவடிவம்; துன்பத்தின் முழுப் பொறுப்பும் மீண்டும் தனியாளின் தலையில் விழுகிறது.

தமிழ் வாசகர் மனதில் இந்நேரம் எழுந்திருக்கும் மறுப்பைத் தவிர்க்க முடியாது. துன்பத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த மதத்தின் பெயராலேயே இலங்கையில் தமிழர் மீது துன்பம் திணிக்கப்பட்டதே? இதற்கு 'உண்மையான பௌத்தம் அதுவன்று' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. மரபின் உள்ளேயே அது நுழைந்த வாசலைக் காட்ட வேண்டும். மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தில் எல்லாளனை வென்ற துட்டகைமுனு, பல்லாயிரம் உயிர்களைக் கொன்றதை நினைத்து உறக்கமின்றித் தவிக்கிறான். ஆறுதல் சொல்ல எட்டு அரகந்தர்கள் வருகிறார்கள். கொல்லப்பட்டவர்களில் மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களை ஏற்றவன் இன்னொருவன், ஆக ஒன்றரை மனிதர்தான் இறந்தார்கள், மற்றோர் விலங்குக்குச் சமம் என்று அவர்கள் சொல்கிறார்கள். மன்னனின் துன்பம் தீர்ந்தது. பௌத்த இலக்கியத்திலேயே மிகக் கொடிய ஆறுதல் இதுதான். மனிதரின் எண்ணிக்கையைக் குறைத்து, குற்றத்தின் சார்பை மூடி மறைத்துத் தரும் நிம்மதி, நிகாயங்கள் பேசும் ஒழிவுக்கு நேர் எதிரானது. பற்றுகளை நான்காக வகுத்த அந்த நூல்கள் புலனின்பத்தோடு கருத்து, சடங்கு, தன்னிலை ஆகியவற்றின் மீதான பற்றையும் சேர்த்தே சொன்னன. 'நாம்', 'நம் மண்', 'நம் சாசனம்' என்பவை அந்தப் பற்றின் பெருக்கங்கள். மருந்து நூலில் இருந்தது. நிறுவனம் அதைக் குடிக்கவில்லை. மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா 1992இல் வெளியிட்ட தம் நூலில் இந்தத் துரோகத்தை வரலாறாகவே எழுதினார். அதே தீவில் 1958இல் தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கத்தில் அதன் நிறுவனர் ஆரியரத்ன நான்கு வாய்மைகளைக் கிராமத்துக்குப் பொருத்தினார்: சிதைந்த கிராமம் ஒன்று, சிதைவின் காரணங்கள், மீள முடியும் என்ற தெளிவு, மீளும் வழி. அதே நால்வகைச் சட்டகம்தான். பயன்படுத்திய கை வேறு.

மறுபிறப்பை நம்பாதவருக்கு இந்த மார்க்கம் செல்லுமா என்றும் கேட்கிறார்கள். கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர்களுக்குப் புத்தர் சொன்ன உரையிலேயே விடை உண்டு. மறுமை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பகையும் வருத்தமும் இன்றி இந்த வாழ்விலேயே நலமாக இருப்பேன் என்ற உறுதி கிடைக்கிறதே என்கிறது அது. இதற்கு மேல் அந்தக் கேள்வியை இழுக்கத் தேவையில்லை.

ஆனால் சமூகத்தைச் சீர்செய்தும் தீராத துன்பம் உண்டு. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து தேடிய கிசாகோதமியிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். எந்த அரசும் எந்த விநியோகமும் அவளுக்கு உதவியிருக்க முடியாது. பிரிவு என்ற முதல் அம்பைப் பிடுங்க முடியாத இடத்தில், 'எனக்கு மட்டும் ஏன்' என்ற இரண்டாவதைப் பிடுங்கும் வழி வீடு வீடாக ஏறி இறங்குவதாக இருந்தது. அறவுரை அவளுக்கு அதன் பிறகே சொல்லப்பட்டது. அதற்கு முன் அயலாரின் வாய்மொழிகளே வேலை செய்தன. எந்தத் துன்பத்துக்கு எந்தச் சார்பு என்று பிரித்தறியும் திறனையே இரு கதைகளும் கேட்கின்றன. ஆளவி உழவனுக்குக் கடுகு தேடச் சொல்லியிருந்தால் கொடுமை. கிசாகோதமிக்குச் சோறு போட்டிருந்தால் பயனில்லை.

இந்தப் பிரித்தறிதலைப் பிக்குகளின் ஒழுக்க நூலான விநயம் ஓர் அன்றாட நடைமுறையாகவே எழுதி வைத்திருக்கிறது. மகாவக்கத்தில் வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் காண்கிறார்கள். பிறருக்கு உதவாதவன் என்பதால் ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் உடம்பைக் கழுவுகிறார். தலைமாட்டை ஒருவரும் கால்மாட்டை ஒருவரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, தனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். அதைத் தொடர்ந்து நோயாளியைப் பேணத் தகுதியானவரின் ஐந்து குணங்கள் வருகின்றன: மருந்து தயாரிக்கத் தெரிந்தவர், எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து ஒவ்வாததை விலக்கி ஒத்ததைக் கொடுப்பவர், ஆதாயத்துக்காக அன்றி அன்பினால் பேணுபவர், மலத்தையும் சிறுநீரையும் வாந்தியையும் அப்புறப்படுத்த அருவருக்காதவர், தக்க வேளையில் அறவுரை சொல்லி நோயாளியின் மனதைத் தேற்ற வல்லவர். மருந்து தயாரிப்பது முதலாவதாகவும் அறவுரை ஐந்தாவதாகவும் நிற்கின்றன. ஐந்தும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்று விநயம் எதிர்பார்க்கிறது.